திரும்பி வந்த கதைகள்

கிராமத்துப் பக்கத்தில் ஒருவர் தமிழ் உபாத்தியாயராக இருந்துவிட்டால், அவரைத் தேடி வரும் வேலைகளுக்குக் கணக்கே கிடையாது. கலியாணப் பத்திரிகையில் ஒற்றெழுத்துத் திருத்த வேண்டும். கும்பாபிஷேக மலருக்கு முகவுரை எழுத வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தூய தமிழ்ப் பெயர் ஒன்று, அதுவும் அக்கம் பக்கத்தில் யாரும் வைத்திராத பெயராக, அன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். உத்திரமேரூரில் இருபது வருஷமாக இந்தக் கைங்கரியங்களையெல்லாம் நாம் தட்டாமல் செய்து வருகிறோம். இவற்றில் எதற்கும் நாம் விழித்ததில்லை. ஆனால் சென்ற ஆனி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பழைய மாணாக்கன் ஒருவன் கேட்ட கேள்விக்குத் திருதிருவென்று விழித்தோம்.

பையன் ஒரகடத்தில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. மறுபடி கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போகிறது. பள்ளியில் படித்த காலத்தில், ஒரு பக்கத்துக்குக் கட்டுரை எழுதச் சொன்னால் நாலு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்து நம் ஞாயிற்றுக்கிழமைகளைப் பாழாக்கியவன். அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. மூன்று வருஷத்தில் பதினொரு சிறுகதைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருக்கிறான். ஒன்பது கதைகளுக்குப் பதிலே வரவில்லை. இரண்டுக்கு மட்டும், பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துவதாக ஒரு வரி மின்னஞ்சலில் வந்தது.

"இனிமே எழுதறதா இல்லை, சார். உங்ககிட்டே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றான்.

வாங்கிய கடனைத் தீர்த்துவிட்டதாகச் சொல்ல வந்தவனைப் போல் நிமிர்ந்து நின்றுகொண்டுதான் சொன்னான். ஆனால் குரல் மட்டும் கொஞ்சம் கம்மியது. நாம் உடனே உபாத்தியாயர் ஆகிவிட்டோம். எழுத்து என்றால் பொறுமை வேண்டும், விடாமுயற்சி வேண்டும், வள்ளுவர் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார் என்றெல்லாம் ஆரம்பித்தோம். இருபது வருஷமாக வகுப்பில் சொல்லிச் சொல்லி நாக்கிலேயே தங்கிவிட்ட சமாசாரம். யோசனையே தேவைப்படாமல் வந்துகொண்டிருந்தது. பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். நாம் மூச்சு விட நிறுத்திய இடத்தில், "எத்தனை வருஷத்துக்குப் பொறுமையா இருக்கணும், சார்?" என்றான்.

அதற்கே நம்மிடம் பதில் இல்லை. அதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: "நீங்களும் எழுதிட்டிருந்தீங்களே, சார். நீங்க ஏன் நிறுத்திட்டீங்க?"

நல்ல வேளையாக அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து காபி வந்தது.

காபி குடித்த பிறகு, "வா, ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வரலாம்" என்று அவனை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். நம் ஊர் ஏரி பல்லவர் காலத்து ஏரி. வைரமேகத் தடாகம் என்று பழைய கல்வெட்டுக்களில் பெயர் பெற்றது. தர்மசங்கடமான கேள்விகளைத் தள்ளிப்போடுவதற்கு அதைவிட நீளமான கரை இந்தப் பிராந்தியத்தில் இல்லை.

எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு, நமக்குத் தெரிந்த ஒருவருடைய கணக்கை அவனுக்குச் சொன்னோம். உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் வருஷம் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதரானார். வயது இருபத்தைந்து. மாதச் சம்பளம் 50 ரூபாய். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்காகக் குருகுலவாசம் செய்தவர். இனி வாழ்க்கையில் கவலை இல்லை என்று அவர் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்த வருஷம் அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். அந்தப் பட்டியலைக் கேட்டால் வேறு எவரும் மலைத்துப் போயிருப்பார்கள். முதலியார் மலைக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்த நூலைக் கண்ணால் கண்டதில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். படித்தவனுக்கு, அதிலும் உத்தியோகத்தில் இருக்கும் பண்டிதனுக்கு, இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நாமாயிருந்தால் வீட்டுக்கு வந்து, முன்சீபுக்குச் சட்டம் தெரியலாம், தமிழ் என்ன தெரியும் என்று இரண்டு நாள் புலம்பிவிட்டு, அந்தத் தெருப் பக்கமே தலை காட்டியிருக்க மாட்டோம். ஐயர் மறுபடியும் போனார். முதலியாரிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து பிரித்தார். ஒன்றும் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தது. ஆனால் அந்த உரையில் மேற்கோளாக வந்த வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பதே தெரியவில்லை. ஜைன சமயத்தைப் பற்றிய செய்திகள் புரியவில்லை. கும்பகோணத்தில் இருந்த ஜைனர் வீடுகளைத் தேடிச் சென்று, ஒரு மாணாக்கனைப் போல் உட்கார்ந்து, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்த வழக்கம் எதைக் குறிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏட்டுப் பிரதிகளைத் தேடி அலைந்தார். பகலில் காலேஜ் பாடம். மற்ற வேளைகளில் சிந்தாமணி. புத்தகம் அச்சாகி வெளிவந்தபோது வருஷம் 1887. ஏழு வருஷம்!

"ஏழு வருஷம்னு வச்சுக்கலாமா, சார்?" என்றான் பையன், சிரித்துக்கொண்டே.

வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஏழு வருஷமும் ஐயர் தபால்காரனை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சொல் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பொருள் தேடினார். நாள் போனது அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே நமக்குச் சந்தேகம். ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்தது பிடித்துக்கொண்டது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று வந்துகொண்டே இருந்தன. குறுந்தொகையை அவர் பதிப்பித்த 1937-இல் அவருக்கு வயது எண்பத்திரண்டு. அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1940-இல் ஆனந்த விகடனில் தம்முடைய சரித்திரத்தை வாராவாரம் எழுத ஆரம்பித்தார். 1942-இல் யுத்த பயத்தினால் சென்னை காலியானபோது திருக்கழுக்குன்றத்துக்கு வந்து தங்கினார். ஏப்ரல் 28-ஆம் தேதி அங்கேயே காலமானார். நம் ஊருக்குக் கிழக்கே, செங்கற்பட்டைத் தாண்டினால் வரும் திருக்கழுக்குன்றந்தான். சரித்திரம் முடியாமலே நின்றுபோயிற்று.

பையன் சிறிது தூரம் பேசாமல் வந்தான். பிறகு, "அவர் மகான், சார். அதுவும் ஏற்கெனவே இருந்த நூலைப் பதிப்பிச்சவர். கதை எழுதறவன் கதை வேறே இல்லையா? பொறுமையா இருந்தவங்க எல்லாரும் ஜெயிச்சாங்களா?" என்றான்.

வகுப்பறையாக இருந்தால், "ஜெயித்தார்கள்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை மேலே நடத்தியிருப்போம். ஏரிக்கரையில் பொய் சொல்ல மனம் வரவில்லை. பாரதியார் 1920-இல் தம் நூல்களை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிடுவதற்குத் திட்டம் போட்டு, பண உதவி கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மறு வருஷம் செப்டம்பரில் முப்பத்தெட்டு வயதில் மறைந்தார். புதுமைப்பித்தன் 1948-இல் க்ஷயரோகத்தினால் இறந்தபோது வயது நாற்பத்திரண்டு. அந்த வயதை நாம் தாண்டிவிட்டோம் என்பதை நினைக்கும்போது சில சமயம் சோறு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. இவர்களிடம் பொறுமை இல்லையென்று எந்த முகத்தோடு சொல்வது? பொறுமைக்கும் ஆயுளுக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பொறுத்தவனுக்குப் பட்டாபிஷேகம் நிச்சயம் என்று பள்ளிக்கூடத்துச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறோமே, அதில் பாதி பொய்.

"அப்போ நான் விட்டது சரிதானே, சார்?"

அதற்கும் ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை. சி. சு. செல்லப்பாவைப் பற்றிச் சொன்னோம். அவன் 'வாடிவாசல்' படித்திருக்கிறான். ஆனால் அதை எழுதியவர் எப்படி வாழ்ந்தார் என்பது தெரியாது. 1912-இல் பிறந்தவர், வத்தலக்குண்டுக்காரர். மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1959-ஆம் வருஷம் ஜனவரியில் 'எழுத்து' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். பத்திரிகை ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் லட்சம் பிரதி விற்க வேண்டுமென்று கனவு காண்பார்கள். இவரோ இரண்டாயிரத்துக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தாமே ஒரு வரம்பு கட்டிக்கொண்டார். அந்த வரம்பை நினைத்து அவர் கவலைப்பட வேண்டிய அவசியமே கடைசிவரை ஏற்படவில்லை! 1970 வரையில் 119 இதழ்கள் வந்தன. தமிழில் புதுக்கவிதை வேரூன்றியது அந்தப் பத்திரிகையில்தான். வெளியிட்ட புத்தகங்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, ஊர் ஊராகப் போய்க் கல்லூரிக் கல்லூரியாக ஏறி இறங்கி, தாமே விற்றார். அந்தப் பைகளின் கனத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். கவிதைக்குக் கனம் இல்லை என்பவர்கள் அதை அச்சடித்துத் தோளில் சுமந்து பார்த்ததில்லை.

சுதந்திரப் போராட்டக் காலத்தைப் பற்றி அவர் எழுதிய நாவல் 'சுதந்திர தாகம்'. மூன்று பாகம், ஏறக்குறைய 1,800 பக்கம். அது வெளிவந்தது 1997-இல். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்தைந்து. மறு வருஷம் டிசம்பர் மாதம் காலமானார். சாகித்திய அக்காதெமி அந்த நாவலுக்குப் பரிசளித்தது 2001-இல். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

"அவர் ஜெயிச்சாரா, தோத்தாரா, சார்?" என்று கேட்டான். நமக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டோம். பையன் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு தெளிவு உண்டானது, நாம் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்த நிமிஷத்தில்தான். உபாத்தியாயத் தொழிலில் இது ஒரு விசித்திரம்.

திரும்பும் வழியில் அவனுடைய கதைகளில் ஒன்றைக் காட்டச் சொன்னோம். கைத்தொலைபேசியில் எடுத்துக் கொடுத்தான். வைகுண்டப் பெருமாள் கோயிலில் உட்கார்ந்து படித்தோம். சென்னையில் பத்தாவது மாடியில் வசிக்கும் தம்பதிகளின் மனஸ்தாபம் விஷயம். புருஷன் ஜன்னல் வழியே கடலைப் பார்க்கிறான். மனைவி பெருமூச்சு விடுகிறாள். இருவரும் ஆளுக்கொரு கோப்பை கையில் வைத்துக்கொண்டு தத்துவம் பேசுகிறார்கள். நடை சுத்தமாக இருந்தது. ஒற்றுப் பிழைகூட இல்லை, அந்தப் பெருமை நம்மையும் சேர்ந்தது. ஆனால் கதை எழுதியவன் பத்தாவது மாடியில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. மற்றப் பத்தும் எப்படி என்று கேட்டோம். ஏறக்குறைய எல்லாமே அதே மாடியில்தான் நடந்தன.

"ராத்திரி வேலை முடிந்து பஸ்ஸில் வருகிறீர்களே, அந்த பஸ்ஸில் நாற்பது பேர் எப்படித் தூங்குவார்கள்?" என்று கேட்டோம்.

யார் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான், யார் தன் நிறுத்தம் வந்ததும் கடிகாரம் போல் விழிப்பான், தூங்கி நிறுத்தத்தைத் தவறவிட்டு அடுத்த ஊரில் இறங்கியவன் பெண்டாட்டிக்கு என்ன பொய் சொன்னான் என்று கால் மணி நேரம் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த நமக்கு நேரம் போனதே தெரியவில்லை. "இதை ஏன் எழுதவில்லை?" என்றோம். "இதெல்லாம் கதையா, சார்?" என்றான். பத்திரிகைகள் அந்தப் பதினொன்றையும் போடாததில் அவ்வளவாகத் தவறில்லை என்று நமக்குத் தோன்றியதை மறைக்காமல் சொன்னோம். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து போகப் பார்த்தான்.

கையைப் பிடித்து உட்கார வைத்து, கோயில் சுவரைக் காட்டினோம். உத்திரமேரூர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருப்பது தெரியும். பரீட்சைக்கு ஐந்து மார்க்கு வரும் விஷயமல்லவா? ஆனால் ஒரே விஷயத்துக்கு இரண்டு கல்வெட்டு இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இல், ஊர்ச் சபையார் கூடி, வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை எழுதிக் கல்லில் வெட்டினார்கள். முப்பது குடும்புகள் வகுத்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு எடுக்கும் முறை. இரண்டு வருஷம் நடத்திப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. 921-இல் மறுபடியும் கூடி முழுவதையும் திருத்தி எழுதினார்கள். முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்குள் என்று இருந்ததை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றினார்கள். யார் யாருடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்பதை விரிவாகச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவன், அவனுக்கு மட்டுமல்ல, அவன் உறவினருக்கும் இடமில்லை. குடத்தை எப்படிக் காட்டுவது, ஓலையை எப்படிச் சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பது, எடுத்ததை யார் வாசிப்பது என்று ஒரு சந்து விடாமல் அடைத்தார்கள். முதலில் எழுதியபோது தோன்றாததெல்லாம் இரண்டு வருஷம் பட்ட பிறகு தோன்றியிருக்கிறது. பிறகு அதையும் கல்லில் வெட்டினார்கள்.

"கல்லுலே வெட்டினதையே திருத்தினாங்களா, சார்?" என்றான் பையன்.

"கல்லிலே வெட்டினதைத்தான். உன்னுடையது கைத்தொலைபேசியில்தானே இருக்கிறது?" என்றோம். கோபம் கொஞ்சம் இறங்கியது.

அவனை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம். அவனுடைய இரண்டாவது கேள்வி மட்டும் நம்மோடு கூடவே வந்து நம் பாயிலேயே படுத்துக்கொண்டது. நாம் ஏன் நிறுத்தினோம்? வீட்டாருக்கும் சிநேகிதர்களுக்கும் நாம் சொல்லி வைத்திருந்த காரணங்கள் உண்டு. உத்தியோகம், விவாகம், பரீட்சைப் பேப்பர், குழந்தைகளின் படிப்பு. எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் அவற்றுக்கும் அடியில் இருந்தது. இருபத்து நாலு வயதில் ஒரு நாவல் எழுதினோம். நம் ஏரி ஒரு மழைக் காலத்தில் உடைந்து, அதைக் கட்டுவதற்கு இரண்டு தெருக்காரர்கள் சண்டையை மறந்து கூடுவதாகக் கதை. ஒரு பத்திரிகையின் போட்டிக்கு அனுப்பினோம். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதன் முதல் பக்கத்தில் யாரோ பென்சிலால், 'மிக நீளம்' என்று எழுதியிருந்தார்கள். வேறொன்றும் இல்லை. அந்த இரண்டு வார்த்தைகளில் வசவு ஏதும் கிடையாது. அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் அன்று அதைக் கட்டிப் பரண்மேல் போட்டவர்கள் பிறகு எடுக்கவே இல்லை. பொறுமை போதவில்லை என்று சொல்வதுகூட நமக்கு நாமே காட்டிக்கொள்ளும் சலுகை. ரோஷம், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஏணி போட்டு ஏறினோம். "என்னங்க, இந்த வயசிலே பரண்மேலே என்ன தேடறீங்க?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. பழைய பித்தளைக் குத்துவிளக்கைத் தேடுகிறோம் என்று சொன்னோம். கட்டு அகப்பட்டது. ராமபாணப் பூச்சி ஓரங்களைத் தின்றிருந்தது. 212 பக்கம். உட்கார்ந்து படித்தோம். பென்சில்காரர் சொன்னது சரி, மிக நீளந்தான். சூரியோதயம் மட்டும் ஆறு பக்கம். கதாநாயகி பேசுவதெல்லாம் மேடைப் பிரசங்கம். பாதிக்கு மேல் வெட்கத்தோடு புரட்டினோம். ஆனால் எழுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு கிழவன், உடைந்த கரையில் மண் கொட்டுகிறவர்களுக்குக் கூழ் கொண்டு வருகிறான். கூழ் போதாது என்பது தெரிந்து, கடைசியில் நிற்கும் பையன்களிடம் கண்ணைக் காட்டாமல் திரும்பிக்கொள்கிறான். அந்த ஒரு பக்கத்தை இருபத்து நாலு வயதில் நாம் எப்படி எழுதினோம் என்று இன்னும் புரியவில்லை. அதை மட்டும் ஒரு புது நோட்டில் நகல் எடுத்தோம். மறுநாள் காலை பள்ளிக்குப் புறப்படுமுன் அதற்கு முந்தின பக்கத்தை எழுதிப் பார்த்தோம். சரியாக வரவில்லை. அதற்கடுத்த நாளும் எழுதினோம்.

புரட்டாசி வரையில் பையனைக் காணோம். ஒரு நாள் திடீரென்று வந்தான். கம்பெனி பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கிறான், மூன்று தடவை திருப்பி எழுதினானாம், ஒரு பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை. அதைச் சொல்ல அவன் வரவில்லை. வேறு ஒரு கதை ஆரம்பித்திருக்கிறானாம். அதில் ஒரு சந்தேகம்.

"ஏரி நிரம்பினா தண்ணி வழிஞ்சு போகுமே, அந்த இடத்துக்கு நம்ம ஊர்லே என்ன சொல்லுவாங்க, சார்? கலங்கலா, கோடியா?"

212 பக்கம் ஏரியைப் பற்றி எழுதிய நாம் அந்த இடத்தை 'நீர் வழியும் வாயில்' என்று எழுதியிருந்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. இரண்டையும் கேட்டிருக்கிறோம், எது நம் ஊர்ப் பேச்சு என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றோம். இருவருமாக ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம். அவர் நம் இருவரையும், படித்தவர்களைப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டே, அப்படிப் பார்த்தார்.

"இடத்தைக் கேக்கறீங்களா, தண்ணி போறதைக் கேக்கறீங்களா?" என்றார். "அது கலங்கலு. தண்ணி தாண்டுச்சுன்னா ஏரி கோடி போவுதுன்னு சொல்லுவோம். ரெண்டும் வேற வேற, சாமி."

பையன் கைத்தொலைபேசியை எடுத்துக் குறித்துக்கொண்டான். நாமும் நம் ஜேபியில் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினோம்.